சுருக்கிய ஹார்ட் டிஸ்க்கோடு வேறு டாஸுக்கு மாறுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மைக்ரோசாஃப்ட்டின் பழைய இயங்குதளமான எம்எஸ்-டாஸ் 6.22 ஓடும் பழைய கணினி. அதன் சி டிரைவ், டிஸ்க்கில் கூடுதல் இடம் கிடைக்கக் கோப்புகளைச் சுருக்கும் டிரைவ்ஸ்பேஸால் சுருக்கப்பட்டிருக்கிறது. இப்போது பிசி டாஸ் 7, டிஆர்-டாஸ் 7.03, ஃப்ரீடாஸ் இவற்றில் ஒன்றுக்கு மாற ஆசை. நிறுவும் ஃப்ளாப்பியைப் போட்டு, கேட்ட கேள்விக்கெல்லாம் சரி சரி என்று சொல்லி, மறுபடி பூட் செய்து பார்த்தால் சி டிரைவில் தெரிந்த ஃபோல்டர் ஒன்றுகூட இல்லை. காலி இடமும் இல்லை. பழைய டாஸில் கை பழகியவர்கள்கூட இந்த இடத்தில் பதறிப்போய் ஃபார்மட் கொடுத்துவிடுவார்கள். உண்மையில் கோப்புகள் அழிவது அந்த ஃபார்மட்டில்தான். அதுவரைக்கும் எல்லாம் பத்திரமாகவே இருந்தன.

என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுருக்கத்தைப் பழைய டாஸை வைத்தே எடுத்துவிடுங்கள். சாதாரண ஃபேட்16 (டாஸின் வழக்கமான கோப்பு முறை) டிஸ்க்காக ஆன பிறகு புதிய டாஸுக்கு மாறுங்கள். அதற்கப்புறமும் இடம் தேவைப்பட்டால் மட்டும், புதிய டாஸோடு வந்த கருவியால் திரும்பச் சுருக்குங்கள், அதுவும் சி டிரைவை விட்டுவிட்டு. குறுக்குவழிகள் இருக்கின்றன, அவற்றையும் பார்ப்போம். ஆனால் அவை பழைய டாஸ் எது, புதியது எது, எந்தப் பதிப்பு என்பதைப் பொறுத்து ஒன்றில் பலிக்கும், இன்னொன்றில் காலை வாரும்.

உள்ளே நடப்பது என்ன

டிரைவ்ஸ்பேஸ், அதற்கு முந்தைய டபுள்ஸ்பேஸ், ஸ்டாக்கர் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். நிஜமான சி டிரைவில் மறைக்கப்பட்ட ஒரே ஒரு பெரிய கோப்பு இருக்கும். உங்கள் கோப்புகள் அத்தனையும் அதற்குள் சுருங்கிக் கிடக்கும். கணினி தொடங்கும்போது ஒரு டிரைவர் ஏறி, அந்தப் பெரிய கோப்பைத் திறந்து, 'இதுதான் சி' என்று டாஸிடம் காட்டும். நிஜமான சி-க்கு ஹெச் மாதிரி வேறு எழுத்து கிடைக்கும். அதை ஹோஸ்ட் டிரைவ் என்பார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது டிரைவர் ஏறும் நேரம். எம்எஸ்-டாஸ் 6 வெளிவந்தபோது (மார்ச் 1993) மைக்ரோசாஃப்ட் ஒரு வேலை செய்தது. தொடங்கும்போது எந்த டிரைவர்களை ஏற்ற வேண்டும் என்று சொல்லும் கான்ஃபிக்.சிஸ் கோப்பைப் படிப்பதற்கு முன்பே, டாஸின் ஐஓ.சிஸ் கோப்பே ரூட்டில் (டிரைவின் மேல்மட்ட ஃபோல்டரில்) டபுள்ஸ்பேஸின் டிரைவரான டிபிஎல்ஸ்பேஸ்.பின் இருக்கிறதா என்று பார்த்து அதை ஏற்றிவிடும். 6.22-இல் அந்தக் கோப்பின் பெயர் டிஆர்விஸ்பேஸ்.பின். (எட்டு எழுத்துக்குள் பெயர் அடங்க வேண்டும் என்பதால் நடுவில் உயிரெழுத்து இல்லை. தட்டச்சும்போது மறக்காதீர்கள்.) இதனால் கான்ஃபிக்.சிஸ் படிக்கப்படும்போதே சுருக்கிய சி தயாராக இருக்கும். கான்ஃபிக்.சிஸ்ஸில் டிஆர்விஸ்பேஸ்.சிஸ் என்று ஒரு வரி இருக்குமே, அது டிரைவரை ஏற்றுவதற்கு அல்ல. ஏற்கெனவே ஏறியதை நினைவகத்தில் சரியான இடத்துக்கு நகர்த்துவதற்கு மட்டும். அந்த வரியை நீக்கினாலும் சுருக்கம் வேலை செய்யும், நினைவகம்தான் கொஞ்சம் வீணாகும்.

பழைய ஸ்டாக்கர் இப்படி இல்லை. 1990-இல் ஸ்டாக் எலக்ட்ரானிக்ஸ் அதை வெளியிட்டபோது டாஸுக்குள் இந்த வசதி கிடையாது. ஸ்டாக்கர்.காம் என்ற டிரைவர் கான்ஃபிக்.சிஸ் வழியாக ஏறும், பிறகு எஸ்ஸ்வாப்.காம் டிரைவ் எழுத்துகளை மாற்றிப் போடும். எனவே சுருக்கிய பெரிய கோப்புக்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என கான்ஃபிக்.சிஸ்ஸுக்கு இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்றைத் திருத்திவிட்டு 'மாற்றம் ஏறவே இல்லையே' என்று முழிப்பது அந்தக் காலத்துப் பொதுத் தலைவலி.

ஆக, சுருக்கிய கோப்பைத் திறப்பது டிஸ்க்கின் குணம் இல்லை, பூட் ஆகும் டாஸின் குணம். டாஸை மாற்றினால் திறக்கும் ஆளையும் மாற்றிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

உங்களிடம் இருப்பது எந்தச் சுருக்கம்?

வாங்கிய கணினியோ, யாரோ தந்த டிஸ்க் இமேஜோ என்றால் இதை ஊகிக்காதீர்கள். சுருக்க டிரைவர் ஏறாமல் பூட் செய்து நேரில் பாருங்கள். எம்எஸ்-டாஸ் 6.2-இலும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும், 'ஸ்டார்ட்டிங் எம்எஸ்-டாஸ்' என்ற வரி தெரியும்போது கன்ட்ரோலோடு எஃப்5 அழுத்தினால் டிஆர்விஸ்பேஸ்.பின் ஏறாது. வெறும் எஃப்5 போதாது. அது கான்ஃபிக்.சிஸ்ஸையும் ஆட்டோஎக்செக்.பேட்டையும்தான் தவிர்க்கும், சுருக்க டிரைவர் ஏறியே தீரும். 6.0-இல் இந்த கன்ட்ரோல் வசதி இல்லை. அங்கே டிரைவர் இல்லாத ஃப்ளாப்பியில் பூட் செய்யுங்கள்.

பிறகு சி-யின் ரூட்டில் 'டிர் /ஏ' கொடுங்கள். மறைந்த கோப்புகளும் தெரியும். டிர் என்பது கமாண்ட்.காம்முக்குள்ளேயே இருக்கும் கட்டளை என்பதால் எங்கும் ஓடும். அட்ரிப், ஃபார்மட் போன்றவை தனிக் கோப்புகள். அவை இருக்கும் டாஸ் ஃபோல்டர் அந்தச் சுருக்கிய கோப்புக்குள் இருப்பதால் இப்போது கைக்கு எட்டாது.

டிபிஎல்ஸ்பேஸ்.000 கிடைத்தால் டபுள்ஸ்பேஸ். டிஆர்விஸ்பேஸ்.000 என்றால் டிரைவ்ஸ்பேஸ். ஸ்டாக்வால்.டிஎஸ்கே என்றால் ஸ்டாக்கர். டிஆர் டாஸ் 6 (1991) உள்ள கணினியாக இருந்து, கான்ஃபிக்.சிஸ்ஸில் எஸ்எஸ்டிஓஆர்டிஆர்வி.சிஸ் என்ற வரி கண்ணில் பட்டால் அது ஆட்ஸ்டோர் நிறுவனத்தின் சூப்பர்ஸ்டோர்.

ஒரு எச்சரிக்கை. டிபிஎல்ஸ்பேஸ்.பின் இருப்பதை மட்டும் வைத்து டபுள்ஸ்பேஸ் என்று முடிவு கட்டாதீர்கள். ஸ்டாக்கர் 3.1 அதே பெயரில் தன் டிரைவரை வைத்து மைக்ரோசாஃப்ட்டின் முன்கூட்டி ஏற்றும் வசதியைப் பயன்படுத்திக்கொண்டது. மைக்ரோசாஃப்ட் அந்த வசதியை வெளியில் அறிவித்ததே இல்லை. இதுவே பிறகு வழக்கிலும் வந்தது. பிப்ரவரி 1994-இல் ஜூரி ஸ்டாக்குக்கு 120 மில்லியன் டாலர் தர வேண்டும் என்றது, காப்புரிமை மீறலுக்காக. அதே தீர்ப்பில், ஆவணப்படுத்தாத அந்த வசதியை ஸ்டாக் எடுத்துக்கொண்டதற்காக மைக்ரோசாஃப்ட்டுக்கு 13.6 மில்லியன் டாலர் என்றது. எம்எஸ்-டாஸ் 6.21 சுருக்கமே இல்லாமல் வந்ததும், 6.22 வேறு சுருக்கமுறையோடு டிரைவ்ஸ்பேஸ் என்ற புதுப் பெயரில் வந்ததும் இதன் விளைவுதான். வேடிக்கையான வழக்கு என்றாலும் நமக்கு இதில் நடைமுறை விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரே நிறுவனத்தின் அடுத்தடுத்த பதிப்புகளுக்குள்ளேயே டிஸ்க்கின் வடிவம் மாறியிருக்கிறது.

யாரால் எதைப் படிக்க முடியும்

எம்எஸ்-டாஸ் 6.22, பழைய டபுள்ஸ்பேஸ் டிரைவை டிரைவ்ஸ்பேஸாக மாற்றித் தரும். விண்டோஸ் 95 இரண்டையும் படிக்கும். ஆனால் விண்டோஸ் 95-இன் பிளஸ் தொகுப்போடு வந்த டிரைவ்ஸ்பேஸ் 3-ஐக் கொண்டு சுருக்கியிருந்தால், எம்எஸ்-டாஸ் 6.22 அதைத் திறக்காது. 'விண்டோஸை எடுத்துவிட்டு வெறும் டாஸுக்குத் திரும்பலாம்' என்று நினைப்பவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்.

பிசி டாஸ் 6.3-இல் ஐபிஎம் தந்தது சூப்பர்ஸ்டோர்/டிஎஸ். டபுள்ஸ்பேஸ் வடிவத்தோடு பொருந்தும்படி செய்தது. 1995-இல் வந்த பிசி டாஸ் 7-இல் ஐபிஎம் ஸ்டாக்கர் 4-க்கு மாறிவிட்டது. நாவல் டாஸ் 7-இலும், அதன் வழிவந்த ஓபன்டாஸ் 7.01, டிஆர்-டாஸ் 7.02, 7.03 ஆகியவற்றிலும் இருப்பது ஸ்டாக்கர் 3.12.

மேலே சொன்ன இரண்டிலும் ஸ்டாக்கர்தானே, பிசி டாஸ் 7-இலிருந்து டிஆர்-டாஸுக்கு நேராகப் போகலாமே என்று தோன்றும். போக முடியாது. ஸ்டாக்கர் 4-இன் வடிவம் 3-இன் வடிவம் அல்ல. புதியது பழையதைப் படிக்கும், பழையது புதியதைப் படிக்காது. எதிர்த்திசையில், அதாவது டிஆர்-டாஸிலிருந்து பிசி டாஸ் 7-க்கு என்றால் வாய்ப்பு உண்டு.

ஃப்ரீடாஸ் கதை சுலபம். எதையும் படிக்காது. இந்த முன்கூட்டி ஏற்றும் வசதி அதன் கெர்னலில் இல்லை, சொந்தமாகச் சுருக்கக் கருவியும் இல்லை.

முன்தயாரிப்பு: இரண்டு ஃப்ளாப்பி, ஒரு முழுப் பிரதி

முதல் ஃப்ளாப்பியை இப்போதிருக்கும் எம்எஸ்-டாஸிலேயே 'ஃபார்மட் ஏ: /எஸ்' கொடுத்துச் செய்யுங்கள். பூட் கோப்புகளோடு டிஆர்விஸ்பேஸ்.பின் கோப்பும் அதில் தானாகவே போய்ச் சேரும். அதனால் இந்த ஃப்ளாப்பியில் பூட் செய்தாலும் சுருக்கிய சி தெரியும். இதில் எஃப்டிஸ்க், ஃபார்மட், சிஸ், அட்ரிப், எக்ஸ்காப்பி, ஸ்கேன்டிஸ்க், டிஆர்விஸ்பேஸ்.எக்ஸ்இ ஆகியவற்றையும் ஏற்றுங்கள்.

இரண்டாவதையும் அப்படியே செய்து, அதிலிருந்து டிஆர்விஸ்பேஸ்.பின் கோப்பை மட்டும் நீக்குங்கள். முதலில் 'அட்ரிப்' கொடுத்து மறைப்பு, சிஸ்டம், படிக்க-மட்டும் குறிகளை எடுத்தால்தான் அழியும். இதில் பூட் செய்தால் நிஜமான சி தெரியும். இரண்டுக்கும் லேபிள் ஒட்டுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு எது எது என்று தெரியாமல் நிற்பது வேண்டாத வேலை.

அடுத்து முழு டிஸ்க்கின் இமேஜ். எமுலேட்டரில் (பழைய கணினியைப் போல நடிக்கும் நிரலில்) என்றால் இமேஜ் கோப்பை ஒரு பிரதி எடுத்தால் போதும். நிஜ டிஸ்க் என்றால் கழற்றி, ஐடிஇ வசதியுள்ள லினக்ஸ் கணினியில் மாட்டி, டிடி அல்லது டிடிரெஸ்க்யூ கொண்டு முழுதாகப் படித்து வையுங்கள். யுஎஸ்பி அடாப்டர்களில் பல, எல்பிஏ (செக்டர்களை வரிசை எண்ணால் குறிக்கும் முறை) தெரியாத தொடக்க 90-களின் டிஸ்க்குகளை அடையாளம் காண்பதே இல்லை. டிஸ்க் செத்துவிட்டது என்று அதனால் முடிவு செய்யாதீர்கள். இமேஜ் கையில் வந்ததும் 86பாக்ஸ் போன்ற எமுலேட்டரில், அதே சிலிண்டர், ஹெட், செக்டர் எண்ணிக்கை கொடுத்து ஒருமுறை பூட் செய்து பாருங்கள். கீழே வரும் படிகளை முதலில் அந்தப் பிரதியில் ஒத்திகை பார்த்துவிட்டு நிஜ டிஸ்க்கைத் தொடலாம். 30 வருட டிஸ்க்கில் நேரடியாகச் சோதனை செய்வது தேவையில்லாத துணிச்சல்.

எம்எஸ்பேக்கப் கொண்டு எடுத்த பேக்கப்பை மட்டும் நம்பாதீர்கள். அதன் வடிவம் மற்ற டாஸ்களின் பேக்கப் நிரல்களுக்குப் புரியாது. எக்ஸ்காப்பியால் எடுத்த சாதாரணப் பிரதி அல்லது பிகேஜிப் 2.04ஜி-யால் கட்டிய ஜிப் கோப்பு எங்கே போனாலும் திறக்கும்.

சுருக்கத்தை எடுத்தல்

சுருக்கத்தை எடுக்கும் வசதி எம்எஸ்-டாஸ் 6.2-இல்தான் வந்தது. 6.0 வைத்திருப்பவர்கள் முதலில் 6.22-க்கு ஏற வேண்டும், அல்லது கோப்புகளை வேறு டிஸ்க்குக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

தொடங்குமுன் இடக் கணக்கு. சுருக்கிய டிரைவில் 'டிர் /சி' கொடுத்தால் ஒவ்வொரு கோப்பும் எந்த விகிதத்தில் சுருங்கியிருக்கிறது என்று காட்டும். 200 எம்பி பார்ட்டிஷனில் 260 எம்பி கோப்புகள் உட்கார்ந்திருந்தால் அவை விரிந்து அதே இடத்தில் அடங்காது என்பது வெளிப்படை. ஆனால் 180 எம்பி இருந்தாலும் அடங்காமல் போகலாம், அதுதான் பலருக்குப் புரியாத இடம்.

டிரைவ்ஸ்பேஸ் உள்ளே இடத்தை 512 பைட் செக்டர் கணக்கில் ஒதுக்குகிறது. சாதாரண ஃபேட்16 கிளஸ்டர் (பல செக்டர்கள் சேர்ந்த துண்டு) கணக்கில் ஒதுக்குகிறது. 128 முதல் 256 எம்பி வரையுள்ள பார்ட்டிஷனில் ஒரு கிளஸ்டர் 4 கேபி. 1 ஜிபியைத் தாண்டினால் 32 கேபி. 600 பைட் அளவுள்ள சின்னக் கோப்புகள் 1,000 இருந்தால், சுருக்கிய டிரைவில் அவற்றுக்கு அதிகபட்சம் 1 எம்பி போதும். 4 கேபி கிளஸ்டரில் அவையே 4 எம்பி கேட்கும், 32 கேபி கிளஸ்டரில் 31 எம்பிக்கு மேல். ஆகவே அந்தக் காலத்தில் கிடைத்த இடத்தில் ஒரு பங்கு, சுருக்கியதால் வந்தது அல்ல, இந்த ஒதுக்கீட்டுச் சிக்கனத்தால் வந்தது. நிரல் எழுதுபவர்களின் டிஸ்க்கில் சின்னச் சின்ன மூலக்கோப்புகள் நிறைய இருக்கும். அவர்கள் கூடுதலாகவே இடம் விட வேண்டும்.

இனி வரிசையாகச் செய்ய வேண்டியவை:

1. விண்டோஸ் 3.1 இருந்தால் கண்ட்ரோல் பேனலில் 386 என்ஹான்ஸ்டு பகுதிக்குப் போய் வெர்ச்சுவல் மெமரியை 'நன்' என்று மாற்றுங்கள். நிரந்தர ஸ்வாப் கோப்பு ஹோஸ்ட் டிரைவில் நிறைய இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.

2. ஸ்கேன்டிஸ்க்கை ஹோஸ்ட் டிரைவில் ஒருமுறை, சுருக்கிய டிரைவில் ஒருமுறை ஓட்டுங்கள். பிழை காட்டினால் அதைத் தீர்க்காமல் மேலே போகாதீர்கள்.

3. இரண்டு டிரைவ்களின் ரூட்டையும் 'டிர் /ஏ' கொண்டு ஒப்பிடுங்கள். ஒரே பெயர் இரண்டிலும் இருந்தால் விரிக்கும் வேலை நடுவில் நின்றுவிடும். ஹோஸ்டில் இருப்பதற்குப் பெயர் மாற்றுங்கள். ஐஓ.சிஸ், எம்எஸ்டாஸ்.சிஸ் இரண்டையும் மட்டும் தொட வேண்டாம்.

4. நினைவகத்தில் தங்கும் நிரல்களை, முக்கியமாக டிஸ்க்கில் எழுதுவதைத் தாமதிக்கும் ஸ்மார்ட்டிரைவை, ஆட்டோஎக்செக்.பேட்டில் தற்காலிகமாக முடக்கி மறுபடி பூட் செய்யுங்கள்.

5. 'டிஆர்விஸ்பேஸ் /அன்கம்ப்ரஸ் சி:' கொடுங்கள். பழைய 386-இல் மணிக்கணக்கில் ஓடும். கோப்புகளைக் கொஞ்சம் வெளியே எடுத்து, பெரிய கோப்பைச் சுருக்கி, மறுபடி கொஞ்சம் எடுத்து என்று சுற்றுச் சுற்றாகப் போவதால் இந்தத் தாமதம். மின்வெட்டு வரக்கூடிய நேரத்தில் யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள்.

6. முடிந்ததும் பூட் செய்து, கான்ஃபிக்.சிஸ்ஸில் டிஆர்விஸ்பேஸ்.சிஸ் வரி இருந்தால் நீக்குங்கள். ரூட்டில் டிஆர்விஸ்பேஸ்.பின் எஞ்சியிருந்தால் அதையும். சும்மா கிடந்தாலும் அது 40 கேபிக்கு மேல் நினைவகம் தின்னும்.

ஸ்டாக்கரில் இதே வேலைக்கு அன்ஸ்டாக் என்ற நிரல் இருக்கிறது. அதற்கு முன் ஸ்டாக்கரின் 'செக்' நிரலால் டிரைவைச் சரிபாருங்கள். ஸ்டாக்கர் டிஸ்க்கில் மைக்ரோசாஃப்ட்டின் கருவிகளை ஓட்டாமல் இருப்பது நல்லது.

இடம் போதாவிட்டால்

இன்று இதற்குச் சுலப வழி இன்னொரு டிஸ்க். எமுலேட்டரில் 2 ஜிபி வரை இரண்டாவது டிஸ்க் ஒன்றைச் சேர்க்கலாம். ஃபேட்16-இன் எல்லையும் அதுதான். நிஜக் கணினியில் காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டும் ஐடிஇ அடாப்டரும் போதும். பார்ட்டிஷன் பிரித்து ஃபார்மட் செய்து, சுருக்கிய சி-யில் இருப்பதை எக்ஸ்காப்பியோடு /எஸ், /இ, /வி மூன்றையும் சேர்த்து நகலெடுங்கள். எம்எஸ்-டாஸ் எக்ஸ்காப்பி மறைந்த கோப்புகளையும் சிஸ்டம் கோப்புகளையும் சத்தமில்லாமல் விட்டுவிடும். தேவையானவற்றின் குறிகளை அட்ரிப் கொண்டு முன்பே எடுத்துவிடுங்கள். நகலெடுத்த பிறகு முக்கியமான சிலவற்றை 'எஃப்சி /பி' கொடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

உங்களிடம் இருப்பது பெட்டி திறக்கவே முடியாத, 40 எம்பி டிஸ்க் உள்ள லேப்டாப் என்றால் இந்த வழி ஆகாது. அப்போது கோப்புகளைச் சீரியல் கேபிள் வழியாக வெளியே அனுப்பலாம். எம்எஸ்-டாஸ் 6-இலேயே இன்டர்லிங்க் இருக்கிறது. மெதுவாகத்தான் போகும், ஆனால் போய்ச் சேரும்.

புதிய டாஸை நிறுவுதல்

இப்போது சி சாதாரண டிஸ்க். பழைய டாஸ் ஃபோல்டருக்கு வேறு பெயர் கொடுத்து வைத்துவிட்டு நிறுவலைத் தொடங்குங்கள். நினைவகத்தை நிர்வகிக்கும் ஹைமெம், இஎம்எம்386 இரண்டும் ஒவ்வொரு டாஸுக்கும் சொந்தமானவை, பெயர்தான் ஒன்று. பழைய ஃபோல்டரிலிருந்து கான்ஃபிக்.சிஸ்ஸில் ஏறும் வரிகள் எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றுங்கள்.

பிசி டாஸ் 7-இல் நிறுவும்போது சுருக்கத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். முதலில் டாஸ் நன்றாக ஓடட்டும். ஸ்டாக்கர் 4-க்கு டபுள்ஸ்பேஸ் டிரைவை இருந்த இடத்திலேயே ஸ்டாக்கராக மாற்றும் திறமை உண்டு. நான் அதைச் செய்ய மாட்டேன். பாதியில் நின்றால் இரண்டு வடிவங்களுக்கும் நடுவில் தொங்கும் டிஸ்க்கை மீட்பது பெரும்பாடு.

டிஆர்-டாஸ் 7.03-இல் இரண்டு நல்ல வசதிகள். ஒன்று, அது கான்ஃபிக்.சிஸ்ஸுக்கு முன் டிகான்ஃபிக்.சிஸ் இருக்கிறதா என்று பார்க்கும். இரண்டு டாஸ்களை ஒரே டிஸ்க்கில் வைத்துப் பார்க்க விரும்புபவர்களுக்கு இது வரப்பிரசாதம். இரண்டு, ஸ்டாக்கர் டிரைவரின் பெரும்பகுதியை டிபிஎம்எஸ் என்ற தன் நினைவக வசதி வழியாக 1 எம்பிக்கு மேலுள்ள நினைவகத்துக்குத் தள்ளிவிடும். டிரைவ்ஸ்பேஸ் 640 கேபிக்குள் பிடுங்கிக்கொண்ட இடம் இங்கே திரும்பக் கிடைக்கும். சுருக்கம் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவருக்கு நான் சொல்லும் டாஸ் இதுதான். இந்த டிஆர்-டாஸுக்கு மைக்ரோசாஃப்ட்டின் சுருக்க டிரைவரை ஏற்றவும் தெரியும். அதை நம்பி டிரைவ்ஸ்பேஸ் டிஸ்க்கை நிரந்தரமாக வைத்திருக்காமல், கோப்புகளை வெளியே எடுக்கும்வரை மட்டும் பயன்படுத்துங்கள்.

ஃப்ரீடாஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஃபேட்32 தெரியும் என்பதால் 2 ஜிபி எல்லை அங்கே கிடையாது, சுருக்கத்தின் தேவையே குறைகிறது. சின்ன டிஸ்க்கில் ஓட்டுபவர்கள் யுபிஎக்ஸ் கொண்டு எக்ஸ்இ கோப்புகளைச் சுருக்கலாம். அவை ஓடும்போது தாமே நினைவகத்தில் விரிந்துகொள்ளும், எந்த டிரைவரும் வேண்டாம், எந்த டாஸிலும் ஓடும்.

திரும்பச் சுருக்க வேண்டுமா?

கார்டு மாட்டிய கணினியில் வேண்டாம். எமுலேட்டரில் நிச்சயமாக வேண்டாம், ஸ்டாக்கரின் முகத்தைப் பார்க்கும் ஆசையைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது. பழைய டிஸ்க்கை அப்படியே வைத்திருப்பவருக்குத்தான் இந்தக் கேள்வி.

அவருக்கு என் யோசனை: பார்ட்டிஷனை இரண்டாகப் பிரித்து, சி-யைச் சுருக்காமல் விடுங்கள். டாஸ், டிரைவர்கள், விண்டோஸ் ஸ்வாப் கோப்பு, அவசரக் கருவிகள் அங்கே. டி-யை மட்டும் சுருக்குங்கள். இப்படிச் செய்தால் சி-யில் எந்த டாஸை மாற்றினாலும் டி-யில் உள்ள பெரிய கோப்பு அசையாமல் இருக்கும். பூட் ஆவதற்கும் சுருக்கத்துக்கும் முடிச்சு இல்லாமல் போகும். எம்எஸ்-டாஸ் காலத்தில் எல்லோரும் சி-யையே சுருக்கியதற்குக் காரணம், டிரைவ்ஸ்பேஸின் செட்டப் அதைத்தான் முதலில் காட்டியது.

எழுத்துக் கோப்புகள், டிபேஸ் தரவுகள், பிட்மேப் படங்கள் நன்றாகச் சுருங்கும். ஜிப், ஏஆர்ஜே, ஜேபெக், பல விளையாட்டுகளின் தரவுக் கோப்புகள் ஏற்கெனவே சுருங்கியவை. அவற்றை வைத்தால் டிரைவ் காட்டும் காலி இடம் பொய்யாகிவிடும், ஏனென்றால் அந்த எண்ணே இரண்டுக்கு ஒன்று என்ற ஊகத்தில் போட்ட கணக்கு. 20 எம்பி காலி என்று காட்டும் டிரைவில் 12 எம்பி ஜிப் ஏற மறுத்தால் அது பிழை அல்ல.

ஏற்கெனவே மாற்றிவிட்டு மாட்டிக்கொண்டவர்களுக்கு

ஃபார்மட், எஃப்டிஸ்க் இரண்டையும் தொடாதீர்கள். புதிய கோப்பு எதையும் சி-யில் எழுதாதீர்கள். பெரிய 000 கோப்பு இருக்கிறதா என்று 'டிர் /ஏ' கொடுத்துப் பாருங்கள். இருந்தால் நிலைமை கைக்குள்தான் இருக்கிறது.

பழைய எம்எஸ்-டாஸின் டிரைவருள்ள முதல் ஃப்ளாப்பியில் பூட் செய்யுங்கள். சி பழையபடி தெரிந்தால் உடனே கோப்புகளை வேறு டிஸ்க்குக்கு எடுங்கள். தெரியாவிட்டால், பெரும்பாலும் டிஆர்விஸ்பேஸ்.ஐஎன்ஐ கோப்பு போயிருக்கும். எந்தப் பெரிய கோப்பை எந்த எழுத்தில் ஏற்ற வேண்டும் என்ற குறிப்பு அதில்தான் இருக்கும். அப்போது 'டிஆர்விஸ்பேஸ் /மவுன்ட் சி: /நியூடிரைவ்=இ:' என்று கையால் ஏற்றலாம். இ டிரைவில் எல்லாம் வந்துவிடும்.

பழைய டாஸுக்கே திரும்ப விரும்பினால், அதே ஃப்ளாப்பியிலிருந்து 'சிஸ் சி:' கொடுத்தால் பூட் செக்டரும் ஐஓ.சிஸ்ஸும் மறுபடி எம்எஸ்-டாஸுடையவை ஆகும். பிறகு இரண்டாவது ஃப்ளாப்பியில் பூட் செய்து, நிஜ சி-யின் ரூட்டில் டிஆர்விஸ்பேஸ்.பின் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் முதல் ஃப்ளாப்பியிலிருந்து அங்கே நகலெடுங்கள்.

எம்எஸ்-டாஸே கையில் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. டிஎம்எஸ்டாஸ் என்ற பழைய லினக்ஸ் தொகுப்பு டபுள்ஸ்பேஸ், டிரைவ்ஸ்பேஸ் 3, ஸ்டாக்கர் 3, ஸ்டாக்கர் 4 ஆகிய வடிவங்களைப் படிக்கும். அது எழுதப்பட்டது 90-களின் கெர்னலுக்கு என்பதால், அந்தக் காலத்து லினக்ஸ் ஒன்றை எமுலேட்டரில் ஏற்றி, டிஸ்க்கின் இமேஜை இரண்டாவது டிஸ்க்காக, படிக்க மட்டும் என்ற அனுமதியோடு மாட்டுங்கள். 000 கோப்பை மட்டும் தனியே எடுக்க வேண்டுமென்றால் 7-ஜிப்பே போதும். ஃபேட் இமேஜை அது நேராகத் திறக்கும். எடுத்த கோப்பை எமுலேட்டரில் 6.22 ஓடும் இன்னொரு டிஸ்க்கில் போட்டு, மேலே சொன்னபடி மவுன்ட் செய்யலாம்.